பெயரும் தெரியாது, நட்சத்திரமும் தெரியாது

டாக்சியிலிருந்து இறங்கி நாலடி நடந்த ராசமலர் திரும்பிப் போகிறாள். ஆஸ்பத்திரி வாசலில் ஊன்றுகோலோடு நிற்கிற நித்தியானந்தன் வாய்க்குள் ஏதோ முணுமுணுக்கிறார். ராசமலர் கண்ணாடியைத் தட்டுகிறாள். சோமாலிக்காரச் சாரதி கண்ணாடியை இறக்கிவிட்டு, எதையோ மறந்து விட்டுவிட்டார்களாக்கும் என்று பின்சீட்டை எட்டிப் பார்க்கிறான். மறந்தது ஒன்றுமில்லை. முதலில் சொன்ன "தக்" கதவு சாத்திய சத்தத்தில் அவனுக்குக் கேட்டிருக்காது, அவ்வளவுதான். டேனிஷில் தக் என்றால் நன்றி. அதை இந்த முறை முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அவன் சிரித்ததையும் வாங்கிக்கொண்டு வருகிறாள்.

"உம்மட தக்காலை ஒருநாள் எனக்குக் கதிரை இல்லாமல் போகப்போகுது" என்பார் நித்தியானந்தன்.

"மெத்தே வச்சிருப்பா. வாங்கோ."

கதிரை என்றால் சும்மா கதிரை அல்ல. சாய்ந்து படுக்கக்கூடிய நீலக் கதிரை, பக்கத்தில் ஆளுயர மெசின். நித்தியானந்தனின் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டுவிட்டன. கிழமையில் மூன்று நாள் காலையில் இஷொய் என்ற ஊரில் அவர்களுடைய வீட்டு வாசலுக்கு ஆஸ்பத்திரி டாக்சி வரும். அவருடைய இரத்தம் முழுவதும் அந்த மெசினுக்குள் போய்க் கழுவுண்டு திரும்பும். மூன்று வருடமாக இதுதான் சீவியம்.

மெத்தே அந்தப் பிரிவின் தாதி. ராசமலர் உள்ளே போனதும் அவளுக்குச் சொல்வது "தக் ஃபொ சிஸ்ட்". போன முறைக்கு நன்றி என்று அர்த்தம். முன்பு கூடியிருந்தவர்களை மறுபடி காணும்போது டேனிஷ்காரர் இதைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். இந்த நாட்டில் சாப்பிட்டு எழும்பும்போது ஒரு நன்றி, வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது இன்றைய நாளுக்கு ஒரு நன்றி, மறுபடி கண்டால் போன முறைக்கு ஒரு நன்றி. வந்த புதிதில் மொழி வகுப்பில் எல்லாருக்கும்தான் இதைச் சொல்லிக்கொடுத்தார்கள். எல்லாரும் வாய்ப்பாடமாக்கி வைத்துக்கொண்டார்கள். ராசமலர் ஒருத்திதான் அதை உண்மையென்று எடுத்துக்கொண்டாள். போன முறைக்கு நன்றி சொல்வதென்றால் போன முறை என்ன நடந்தது என்று ஞாபகம் வைத்திருக்க வேண்டாமா? அதனால் அவளுடைய நன்றிக்கு எப்போதும் ஒரு வால் இருக்கும். போன முறை ஊசியை நோகாமல் குத்தியதற்கு. போன முறை ஜன்னல் பக்கத்துக் கதிரையைத் தந்ததற்கு. போன முறை அவர் எரிந்து விழுந்தபோது நீ சிரித்துக்கொண்டே போனதற்கு.

அவளுடைய டேனிஷில் வினைச்சொற்கள் எல்லாம் மழையில் நனைந்த பட்டாசு மாதிரி, சில வெடிக்கும், சில வெடிக்காது. ஆனால் இந்த வால் மட்டும் ஒருநாளும் பிழையானதில்லை. முதலில் மெத்தே சிரித்தாள். இப்போது ஊசியைக் கையில் எடுக்கும் முன்னர், இன்றைக்கு எதற்கு என்று அறிய ஒரு கணம் நின்று காத்திருக்கிறாள்.

ராசமலருக்கு வேலை ஹ்விடோவ்ரேயில் ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில். அங்கே உருளைக்கிழங்கு உரித்த கையோடு வீட்டுக்கு வந்து மறுபடியும் உருளைக்கிழங்கு உரிப்பாள். நித்தியானந்தனுக்குக் கிழங்கை அவித்துத் தண்ணீரை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீரில் இன்னொரு தரம் அவிக்க வேண்டும். அப்போதுதான் அவருக்குக் கூடாத உப்புகள் கழலும். தக்காளி கூடாது, வாழைப்பழம் கூடாது, இளநீர் அறவே கூடாது. குடிக்கிற தண்ணீருக்குக்கூட அளவு உண்டு. காலையில் ஒரு போத்தலில் ஊற்றி மேசையில் வைத்துவிடுவாள். அன்றைய நாளுக்கு அதுதான். தேநீரும் அதற்குள்தான்.

நித்தியானந்தன் நோயில் விழும்வரை ஒரு பெரிய கிடங்கில் வந்திறங்கும் சாமான்களைச் சரிபார்க்கிற வேலையில் இருந்தவர். பெட்டி அடுக்கு ஒன்றைச் சுற்றி நடந்தாரென்றால் எது வரவில்லை, எது உடைந்திருக்கிறது என்று பிரிக்காமலே சொல்லிவிடுவார். மேலதிகாரிக்கு அவரில் நல்ல மதிப்பு. அந்தக் கண்ணை அவர் கிடங்கில் விட்டுவிட்டு வரவில்லை, வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். மேசையில் ஒன்பது கறி இருந்தால் அவருக்குத் தெரிவது அப்பளம் இல்லாததுதான். இப்படி ஒரு மனுசனுக்கு இப்படி ஒரு பெண்சாதி. சோடி சேர்த்த சாத்திரியாரைக் கண்டால் கேட்கவேண்டும்.

யாழ்ப்பாணத்துத் தமிழில் நன்றி என்பது மேடைச் சொல். கலைவிழாவின் கடைசியில், மண்டபம் பாதி காலியான பிறகு, ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்து நன்றியுரை வாசிப்பார். அதோடு அந்தச் சொல்லுக்கு அடுத்த வருடம்வரை ஓய்வு. கட்டின புருசனுக்குப் பெண்சாதி நன்றி சொல்வது என்பது கேள்விப்படாத சங்கதி. அதனால்தானோ என்னவோ, ராசமலர் வீட்டுக்குள் தமிழுக்குப் போகாமல் டேனிஷ் தக்கையே கொண்டுவந்து வைத்துக்கொண்டாள்.

"நான் என்ன டெனிஷ்காரனோ? உப்புப் போத்தலை இங்கால தள்ளினதுக்கும் ஒரு தக்கோ?"

"உப்பு உங்களுக்குக் கூடாது. ஆசையிருந்தும் நீங்கள் அதை என்ர பக்கம் தள்ளிவிடுறியள். அதுக்குத்தான்."

அவர் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொள்வார்.

இவற்றுக்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது. நித்தியானந்தனின் இடது முன்கையில் நாடி, நாளம் என்கிற இரண்டு இரத்தக்குழாய்களையும் ஒன்றாகப் பொருத்தித் தைத்திருக்கிறார்கள். மெசினுக்கு இரத்தம் எடுக்கிற வாசல் அதுதான். அந்த இடத்தில் கை வைத்தால் உள்ளே இரத்தம் சுழித்து ஓடுகிற அதிர்வு தெரியும், மூடிய போத்தலுக்குள் தேனீ இரைவது போல. அது நின்றுபோனால் வாசல் அடைபட்டுவிட்டது என்று அர்த்தம். தினமும் தொட்டுப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். நித்தியானந்தன் தொடமாட்டார். தன் கைக்குள் யாரோ குடியிருப்பது போல அவருக்கு அருவருப்பு. ராசமலர்தான் விடிந்ததும் வந்து, சட்டைக் கையை மடித்து, உள்ளங்கையை அதன்மேல் வைப்பாள். சிறிது நேரம் அப்படியே இருப்பாள். அதிர்வு தெரிந்ததும் "தக்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் போடப் போவாள்.

ஆருக்கு அந்தத் தக் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்கிறேன் என்று அவள் முதலிலேயே போய் நின்றவள். சோதித்துப் பார்த்தபோது அவளுக்கே சீனி வருத்தம், அதுதான் சர்க்கரை நோய், இருப்பது தெரிந்தது. கொடுக்க முடியாது என்றுவிட்டார்கள். நித்தியானந்தன் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். ராசமலர் டொக்டருக்கு நன்றி சொன்னாள். இவருக்குக் கொடுக்கப் போயிராவிட்டால் தனக்குச் சீனி இருப்பது தெரியாமலே போயிருக்கும், கண் போன பிறகுதான் தெரிந்திருக்கும் என்பது அவளுடைய நியாயம். மகள் சாரங்கியும் கேட்டுப் பார்த்தாள். தகப்பனோடு எப்போதும் டேனிஷில் கதைக்கிறவள், அன்றைக்குத் தமிழில் கேட்டாள். வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவளின் உடம்பில் இப்போதும் சரி, பிள்ளை பிறந்த பிறகும் சரி, கத்தி வைக்க விடமாட்டேன் என்று நித்தியானந்தன் ஒரே சொல்லில் முடித்துவிட்டார். ஆகவே இனி ஒரு வழிதான். எங்கோ ஒருவர் இறக்கவேண்டும், அவருடையது இவருக்குப் பொருந்தவேண்டும். அந்தத் தொலைபேசி அழைப்புக்காக அவர் மூன்று வருடம் காத்திருந்தார்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தது. ராசமலர் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். உடனே புறப்பட்டு வரவேண்டும், ஒன்றும் சாப்பிடக்கூடாது என்றார்கள். நித்தியானந்தனுக்குக் கைகால் ஓடவில்லை. சாரங்கி தொலைபேசியில் அழுதாள், சிரித்தாள். பிள்ளையார் கோயிலைக் கவனிக்கிற தவராஜா, "அண்ணை, நான் காரோடை கீழ நிக்கிறன்" என்று பத்து நிமிடத்தில் வந்துவிட்டார். ராசமலர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு சாமி விளக்கை ஏற்றினாள்.

"பாவம், ஆரோ ஒரு வீட்டில இண்டைக்குச் செத்த வீடு" என்றாள்.

நித்தியானந்தனுக்கு அந்த நேரத்தில் அந்தப் பேச்சு பிடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள். பிறகு வெளியே வாங்கில், சுவரோரம் கிடந்த நீள இருக்கையில், காத்திருக்கச் சொன்னார்கள். கிடைத்திருப்பது ஒன்று, அழைத்திருப்பது இரண்டு பேரை. யாருடைய இரத்தம் அதை ஏற்றுக்கொள்கிறதோ அவருக்கு. மற்றவர் யார் என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. அதே வாங்கின் மறு நுனியில் செம்பட்டைப் பின்னலோடு ஒரு டேனிஷ் பெண், இருபத்தைந்து வயது இருக்கும், மடியில் பயணப் பையோடு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் அந்த மஞ்சள். மணிக்கட்டில் அந்த வீக்கம். மெசின்காரரை மெசின்காரர் கண்டால் தெரியாதா?

அவளுடைய தகப்பன் பெரிய உடம்புக்காரர். அடிக்கடி எழுந்து தூணுக்குப் பின்னால் போய்வந்தார். பட்டினியாக இருக்கிற மகள் பார்க்கக்கூடாதென்று அங்கே நின்று களவாகக் கோப்பி குடிக்கிறார் என்பதை ராசமலர் கண்டுபிடித்துவிட்டாள். அவளுடைய கைப்பையில் கிழங்கு வைத்துச் சுருட்டிப் பொரித்த ரோல்ஸ் இருந்தது. அவளுடைய கைப்பையில் எப்போதும் ரோல்ஸ் இருக்கும், யாருக்காவது நன்றி சொல்ல வேண்டிவருமே. கொஞ்ச நேரத்தில் நித்தியானந்தன் திரும்பிப் பார்த்தால், தன் பெண்சாதியும் எதிராளியின் தகப்பனும் தூணுக்குப் பின்னால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி ஒளித்து நின்று ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

திரும்பி வந்து வாங்கின் நடுவில், அவருக்கும் அந்தப் பெண்ணுக்கும் இடையில், ராசமலர் உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து நடுவில் ஓட்டையுள்ள டேனிஷ் குரோன் நாணயம் ஒன்றை எடுத்தாள். லேஞ்சியை, கைக்குட்டையை, விரித்து அதன் முனையில் வைத்து முடிந்தாள். கண்ணை மூடினாள். பிள்ளையாருக்கு நேர்ந்துகொள்கிறாள் என்று நித்தியானந்தனுக்கு விளங்கியது. அந்த முடிச்சைப் பார்த்தபோது மூன்று வருடத்தில் முதன்முதலாக அவருக்கு நம்பிக்கை வந்தது.

மாலையாகும்போது இளம் டொக்டர் ஒருவர் வந்து, அவருடைய முகத்துக்கு நேரே குந்தியிருந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். உங்கள் இரத்தம் இந்தச் சிறுநீரகத்தை ஏற்றுக்கொள்ளாது. மன்னிக்கவேண்டும்.

"தக்" என்றாள் ராசமலர். ஞாயிற்றுக்கிழமையில் வீட்டில் இருக்காமல் இவ்வளவு நேரம் எங்களுக்காக மினக்கெட்டதற்கு நன்றி என்று தன் உடைந்த டேனிஷில் வாலையும் சேர்த்துச் சொன்னாள். நித்தியானந்தனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

லிஃப்ட் வந்தது. அவர் ஏறினார். அவள் திரும்பிப் போனாள். கதவு மூடி, அவர் தனியாகக் கீழே இறங்கி, அங்கே ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் வந்து சேர்ந்தபோது அவளுடைய தோளில் ஒரு பக்கம் ஈரமாக இருந்தது.

"அந்தப் பிள்ளைக்குப் பொருந்தீட்டுது" என்றாள். "தேப்பன் என்னைக் கட்டிப்பிடிச்சு அழுகிறார், பாவம்."

செவ்வாய்க்கிழமை அவர் மெசினுக்குப் போய்வந்தார். யாரோடும் ஒரு சொல் கதைக்கவில்லை. புதன் மத்தியானம் குசினியிலிருந்து மா வறுபடும் வாசனை வந்தது. எட்டிப் பார்த்தால் மேசையில் பயறு, சர்க்கரை, தேங்காய்கள். பிள்ளையாருக்கு மோதகம்.

"என்ன விசேசம்?"

"வெள்ளிக்கிழமை கோயிலுக்கு. நேர்த்தி இருக்குதெல்லே."

நித்தியானந்தன் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். கிடங்கில் குறை பிடிக்கும்போது உட்காருவது போல நிதானமாக உட்கார்ந்தார்.

"கேட்டது கிடைச்சால்தான் நேர்த்தி தீர்க்கிறது. கிடைக்காததுக்கு ஆரும் மோதகம் அவிக்கிறதோ?"

அவள் அடுப்பைக் குறைத்தாள். திரும்பவில்லை.

"நான் கேட்டது கிடைச்சது."

"என்ன சொல்லி நேர்ந்தனீர்?"

"இந்தக் கிட்னி வீணாப் போகாமல் ஒரு உடம்பில போய்ச் சேரவேணும், அந்த உடம்பு எழும்பி நடக்கவேணும் எண்டு."

"எனக்கெண்டு கேக்கேல்லையோ?"

மா கருகத் தொடங்கியது. அவள் சட்டியை இறக்கிவைத்தாள்.

"நீங்களும் அந்தப் பிள்ளையும் ஒரு வாங்கில இருந்தனியள். நான் நடுவில இருந்தனான். உங்களுக்குத் தா எண்டு கேட்டால் அந்தப் பிள்ளைக்குக் குடுக்காதை எண்டு கேட்ட மாதிரியெல்லோ. என்னெண்டு கேக்கிறது? வாயில வரேல்லை."

நித்தியானந்தன் எழும்பினார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். 

"ஊர் உலகமெல்லாம் எனக்காகக் கும்பிட்டது. கட்டின பெண்சாதி கும்பிடேல்லை" என்றார். "நாளைக்கு நான் மெசினுக்குப் போறேல்லை. இனிப் போறேல்லை. காணும்."

போகாவிட்டால் என்ன ஆகும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். உடம்பு நீரால் நிரம்பும், மூச்சு முட்டும். இரண்டு கிழமை என்றால் அதிகம்.

வியாழன் விடிந்ததும் அவள் வழக்கம் போல வந்து அவருடைய சட்டைக் கையைத் தொட்டாள். அவர் கையை உருவிப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். மூன்று வருடத்தில் அது நடந்ததில்லை. டாக்சி வந்து மணியடித்தது. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அலமாரி திறபடும் சத்தம், சப்பாத்துச் சத்தம். பிறகு அறை வாசலில் அவளுடைய குரல் கேட்டது.

"நான் போட்டு வாறன். வாறதெண்டு சொன்ன ஆள் வரேல்லையெண்டால் முகத்துக்கு நேரை சொல்லவேணும். மெத்தேக்குப் போன முறைக்குத் தக்கும் சொல்லேல்லை, அண்டைக்கு நீங்கள் கதையாமல் இருக்க, தானும் கதையாமல் பக்கத்தில இருந்தவ."

கதவு சாத்தியது. ஜன்னலால் பார்த்தார். நோயாளி இல்லாத டாக்சியில் நோயாளியின் பெண்சாதி ஏறிப் போகிறாள். சிரிப்பு வரவேண்டிய காட்சி. அவருக்கு வரவில்லை.

வீடு அமைதியாக இருந்தது. இவ்வளவு அமைதியில் அந்த வீட்டை அவர் கேட்டதேயில்லை. யாரும் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. மேசையில் அன்றைய தண்ணீர்ப் போத்தல் நிரப்பி வைத்திருந்தது. கிழங்கு இரண்டாம் அவியல் அவிந்து மூடிக் கிடந்தது. கோபத்திலும் அவள் ஒன்றும் குறைவைக்கவில்லை. சுற்றிவந்து பார்த்தார், குறை பிடிக்கத் தேடினார், அகப்படவில்லை. வந்து உட்கார்ந்தார். இன்றைக்கு யாரும் தொட்டுப் பார்க்கவில்லையே, ஒருவேளை நின்றுபோயிருக்குமோ என்று சட்டென்று ஒரு பயம் வந்தது. சாகிறேன் என்று படுத்திருந்த மனுசனுக்கு வந்த பயத்தைப் பாருங்கள்.

சட்டைக் கையை மடித்தார். வலது உள்ளங்கையை அதன்மேல் வைத்தார்.

இருந்தது. இரைந்துகொண்டிருந்தது. அவர் மெசினுக்குப் போனாலென்ன போகாவிட்டாலென்ன, கோபித்தாலென்ன, அது தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. கையை எடுக்க மனம் வரவில்லை. வெகுநேரம் அப்படியே இருந்தார். இதைத்தான் அவள் மூன்று வருடமாக விடியற்காலையில் வந்து தொட்டுவிட்டுத் தக் சொல்லியிருக்கிறாள். ஆருக்கு என்று அவர் கேட்கவேயில்லை. அவருக்காகக் கேட்கவில்லையாம் என்று ஒரு நாள் முழுக்கக் கொதித்தாரே, அவரை ஒவ்வொரு நாளும் கையில் வாங்கி, வந்து சேர்ந்தது என்று சொல்லி, நன்றியும் சொல்லிக்கொண்டிருந்தவள் அல்லவா அவள்? கையில் இருக்கிற ஒன்றைத் தா என்று எப்படிக் கேட்பாள்? நாற்பது வருடம் கூட இருந்தும் இப்படியொரு மனுசியோடுதான் இருக்கிறேன் என்பது தெரியாமல் போயிற்றே என்று நித்தியானந்தனுக்கு மலைப்பாக இருந்தது. பயமாகக்கூட இருந்தது. கோயிலில் கர்ப்பக்கிருகத்துத் திரை விலகும்போது ஒரு நொடி நெஞ்சு திக்கென்னும், அந்த மாதிரி.

பின்னேரம் ராசமலர் வந்தாள். மெத்தே யாரையோ பிடித்து, நாளைக் காலைக்கு ஒரு கதிரை எடுத்துத் தந்திருக்கிறாள் என்றாள். போவீர்களா என்று கேட்கவில்லை. பாதி ஈரமாய் இருந்த தலைத்துணியை உதறிக் காயப்போட்டாள்.

"எத்தனை மணிக்கு டாக்சி?" என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை காலை மெசினுக்குப் போனார். அன்று பின்னேரம் கோயில். மெசினிலிருந்து வந்த நாளில் அவருக்குக் கால் தள்ளாடும், வழக்கமாகப் படுத்துவிடுவார். வேட்டியை எடுத்துத் தாரும் என்று அவர் கேட்டபோது ராசமலர் அவர் படுக்கவென்று விரித்த போர்வையை மறுபடி மடித்துவைத்தாள்.

கோயில் என்பது தொழிற்பேட்டைக்குள் ஒரு பழைய கிடங்கு. ஒரு பக்கம் கார் டயர் மாற்றுகிற கடை. மறு பக்கம் ஜன்னல் கண்ணாடி விற்கிற கடை. உள்ளே பிள்ளையார். வெளியே கார் நிறுத்துமிடத்தின் மூலையில் சிதறு தேங்காய் உடைக்க ஒரு கருங்கல். தேங்காய்ச் சில்லு தங்கள் முற்றத்தில் வந்து விழுகிறது என்று டயர்க்கடைக்காரர் முறையிட்ட பிறகு, தவராஜா அந்தக் கல்லைச் சுற்றி மூன்று பக்கமும் பலகை அடித்துவிட்டார். தவராஜாதான் அங்கே செயலாளர், பொருளாளர், வாசலில் அர்ச்சனைத் துண்டு எழுதுகிறவர், எல்லாம்.

"அண்ணை வந்திருக்கிறார்" என்று எழும்பிக் கதிரை போட்டார். பிறகு பேனையை எடுத்தார். "சொல்லுங்கோ அக்கா. ஆற்றை பேருக்கு?"

ராசமலர் வாயைத் திறந்தாள். மூடினாள். ஊரெல்லாம் நன்றி சொல்லித் திரிகிறவளுக்கு இதைக் கேட்டுவைக்க மட்டும் அன்றைக்கு ஞாபகம் வரவில்லை.

"பேர் தெரியாது" என்றாள்.

"அப்ப நட்சத்திரம்?"

"அதுவும் தெரியாது. வெள்ளைக்காரப் பிள்ளை. இப்ப ஆஸ்பத்திரியில படுத்திருக்குது."

தவராஜாவுக்கு விசயம் ஒருவாறு விளங்கியது. ஞாயிற்றுக்கிழமை காரில் ஏற்றிப் போனவர் அவர்தானே. பேனையைக் கீழே வைத்துவிட்டு நித்தியானந்தனைப் பார்த்தார். சொல்லலாமா விடலாமா என்று தயங்கி, பிறகு மெதுவாகச் சொன்னார். "பேரும் நட்சத்திரமும் இல்லாமல் ஐயர் என்னெண்டு அக்கா அர்ச்சனை செய்யிறது? அண்ணையின்ர பேருக்குச் செய்வமே? அதுதானே முறை."

ராசமலர் லேஞ்சி முடிச்சைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டு நின்றாள். பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். இந்த இடத்தில் முறை இல்லை என்று முதலில் சொல்லக்கூடிய ஆள், குறை பிடிக்கிற ஆள், பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

"ரோல்ஸ் குடுத்தனீர், பேர் கேக்கேல்லையோ?" என்றார் நித்தியானந்தன்.

"மறந்துபோனன்."

"சரி விடும்." அவர் தவராஜாவின் பக்கம் திரும்பினார். "சுவாமி பேருக்குச் செய்யச் சொல்லும் தம்பி. ஆருக்குச் சேரவேணுமெண்டு அவருக்குத் தெரியும்தானே. அண்டைக்கும் தெரிஞ்சுதானே குடுத்தவர்."

தவராஜா எழுதினார். ராசமலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மோதகத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஐயர் அர்ச்சனை செய்தபோது, யாருக்கென்று கேட்காமலே பின்னால் நின்றவர்களும் கும்பிட்டார்கள். அந்தக் குரோன் நாணயம் லேஞ்சியிலிருந்து அவிழ்ந்து உண்டியலுக்குள் விழுந்தது.

இனித் தேங்காய். வெளியே காற்று ஈரமாக வீசியது. டயர்க்கடையில் யாரோ சக்கரம் கழற்றும் சத்தம் கேட்டது. ராசமலர் தேங்காயை எடுத்துக்கொண்டு கல்லருகே போனாள். நித்தியானந்தன் பின்னாலேயே வந்து, அவளுடைய கையிலிருந்து அதை வாங்கினார்.

"கவனம், உங்களுக்கு ஏலாது" என்றாள் அவள்.

அவர் ஊன்றுகோலைப் பலகையில் சாத்திவைத்தார். கால் தள்ளாடியது. காலையில் ஊசி ஏற்றிய இடது கையில் கட்டு அப்படியே இருந்தது. அந்தக் கையைத்தான் சட்டையை மேலே இழுத்து அவள் பக்கம் நீட்டினார். விழாமல் பிடித்துக்கொள்ளத்தான். அவள் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை கட்டின் விளிம்புக்குக் கீழே, அந்த இடத்தில் பட்டது. அது இரைந்துகொண்டிருந்தது. நித்தியானந்தன் ஒருமுறை மூச்சை இழுத்துக்கொண்டு, பெயர் தெரியாத அந்தப் பிள்ளைக்காக, வலது கையை உயர ஓங்கித் தேங்காயைக் கல்லில் அடித்தார்.